எந்தக் கிளைவ்? - வாசகர் கேள்விகள்

ஆற்காடு டெல்லி கேட் பற்றி எழுதியதிலிருந்து கிளைவ் குடும்பத்தைக் குறித்துக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. முக்கியமானவற்றுக்கு இந்த இதழில் பதில்.

ஆசிரியர் ஐயா, டெல்லி கேட் மாடி அறையில் கிளைவ் தங்கினார் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். 1799-ல் திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தபோது மதராஸ் கவர்னர் லார்ட் கிளைவ் என்று என் மகன் படிக்கிறான். 1774-ல் இறந்த மனிதர் 1799-ல் கவர்னரா?
- வாசகர், ஆற்காடு

இரண்டு பேரும் வேறு வேறு. டெல்லி கேட்டோடு பேசப்படுபவர் அப்பா ராபர்ட் கிளைவ். 1725-ல் பிறந்து, 1744-ல் கம்பெனிக் குமாஸ்தாவாக மதராஸில் இறங்கி, 1751-ல் ஆற்காட்டைப் பிடித்து, 1757-ல் பிளாசியில் ஜெயித்து, 1774 நவம்பர் 22-ல் லண்டனில் இறந்தார். கவர்னராக வந்தவர் அவருடைய மூத்த மகன் எட்வர்ட் கிளைவ். 1754 மார்ச் 7-ல் லண்டனில் பிறந்தவர். ஈட்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர். 1798 ஆகஸ்டிலிருந்து 1803 ஆகஸ்ட் வரை, சரியாக ஐந்து வருஷம், மதராஸ் கவர்னர். 1839 மே மாதம் எண்பத்தைந்து வயதில் இறந்தார்.

அப்பா இறந்ததும் பட்டம் மகனுக்குப் போனதால் இருவருமே ஏடுகளில் 'லார்ட் கிளைவ்'தான். குழப்பத்துக்கு அதுவே காரணம். நம் பக்கத்தில் அப்பாவின் பெயர்தான் நிற்கிறது. ஆனால் ஆற்காடு சீமை கையெழுத்துப் போட்டுக் கம்பெனி வசம் போனது மகன் காலத்தில். அதைக் கீழே வேறொரு பதிலில் சொல்கிறோம்.

அப்பா கிளைவ் வட ஆற்காட்டில் எங்கெல்லாம் சண்டை போட்டார்? சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாங்கள் கஞ்சித் தண்ணீர் குடித்தார்கள் என்ற கதை உண்மையா?
- வாசகர், ராணிப்பேட்டை

மூன்று இடங்கள்: ஆற்காடு, ஆரணி, காவேரிப்பாக்கம். முதலாவது ஊரறிந்தது. பிரெஞ்சுக்காரர் துணையோடு நவாப் பதவியைப் பிடித்திருந்த சந்தா சாகிப் திருச்சியை முற்றுகையிட்டிருந்தார். அவர் படையைப் பிரிக்க வேண்டுமானால் அவருடைய தலைநகரில் கை வைக்க வேண்டும் என்பது கணக்கு. 1751 ஆகஸ்ட் கடைசியில் சுமார் 200 வெள்ளையர், 300 சிப்பாய்கள், மூன்று சிறு பீரங்கிகளோடு கிளைவ் மதராஸிலிருந்து கிளம்பிக் காஞ்சிபுரம் வழியாக வந்தார். உடன் வந்த அதிகாரிகள் எட்டே பேர். அதில் பாதிப் பேர் அதுவரை கணக்கெழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாக்கள். கோட்டைக்காரர்கள் எதிர்க்காமலே வெளியேறிவிட்டார்கள். பிடித்தது சுலபம், காத்ததுதான் கஷ்டம். சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப் சுமார் ஐம்பது நாள் சூழ்ந்து நின்றார். கோட்டை மதில் சுற்றளவு ஏறக்குறைய ஒரு மைல். கடைசித் தாக்குதல் நாளில் அதைக் காக்க 80 வெள்ளையரும் 120 சிப்பாய்களும்தான் மிஞ்சியிருந்தார்கள். மொகரம் நாட்களில் நடந்த அந்தத் தாக்குதலில் வாயிலை இடிக்க யானைகளின் நெற்றியில் இரும்புத் தகடு கட்டி ஓட்டிவந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் மிரண்ட யானைகள் திரும்பிச் சொந்தப் படையையே மிதித்தன. உதவிக்கு முராரி ராவின் மராட்டியப் படை வருகிறது என்ற செய்தியும் ராசா சாகிப்பை அவசரப்பட வைத்தது. யானையை மட்டும் சொல்லி அந்தச் செய்தியை விட்டுவிட்டால் கதை பாதிதான்.

அடுத்து, டிசம்பரில் ஆரணி. அதைவிடச் சுவையானது 1752 பிப்ரவரிக் கடைசியில் காவேரிப்பாக்கத்தில் நடந்தது. சாலையோர மாந்தோப்பில் பிரெஞ்சுக்காரர்கள் ஒன்பது பீரங்கிகளை மறைத்து வைத்திருந்தார்கள். சாயங்காலம் வந்த படை நேராக அதன் வாயில் விழுந்தது. கிளைவ் காலாட்படையை ஒரு காய்ந்த கால்வாயில் இறக்கிவிட்டு, ஒரு பிரிவை இருட்டில் தோப்பின் பின்பக்கமாகச் சுற்றி அனுப்பினார். முன்பக்கம் மட்டும் காவல் போட்டுப் பின்பக்கத்தைத் திறந்து வைத்திருந்ததுதான் எதிராளி செய்த பிழை. பீரங்கி ஒன்பதும் பறிபோயின. ஆற்காட்டில் கிடைத்த பெயரைக் காப்பாற்றியது காவேரிப்பாக்கம் என்பது எங்கள் கருத்து. அங்கே தோற்றிருந்தால் முற்றுகை வெற்றி வெறும் கதையாகப் போயிருக்கும்.

கஞ்சித் தண்ணீர் விஷயம்: ஊரெல்லாம் பரவியது மெக்காலே 1840-ல் எழுதிய கட்டுரையால். முற்றுகை முடிந்து எண்பத்தொன்பது வருஷம் கழித்து வந்த எழுத்து அது. சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'லார்ட் கிளைவ்', 'லார்ட் வில்லியம் பெண்டிங்க்' - ஒருவருக்குப் பட்டத்தோடு குடும்பப் பெயர், இன்னொருவருக்குச் சொந்தப் பெயரும் சேர்கிறது. ஏன்?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், காட்பாடி

இதைப் பிடித்துக்கொண்டால் பழைய ஆவணங்களில் பாதிச் சிக்கல் தீரும். இங்கிலீஷ் பிரபுக்களில் ஐந்து படி: கீழிருந்து மேலாக பாரன், வைகவுண்ட், ஏர்ல், மார்க்குவிஸ், டியூக். 'லார்ட்' என்றதுமே பட்டப் பெயர் வந்தால் அவர் பட்டத்துக்குச் சொந்தக்காரர், அல்லது பட்டம் வரப்போகும் மூத்த வாரிசு. 'லார்ட்' என்றதும் ஆளின் சொந்தப் பெயர் வந்தால் அவர் டியூக் அல்லது மார்க்குவிஸ் ஒருவரின் இளைய மகன்; மரியாதைக்குச் சொல்வது, சொந்தப் பட்டம் இல்லை. வில்லியம் பெண்டிங்க் மூன்றாம் போர்ட்லண்ட் டியூக்கின் இரண்டாம் மகன். அப்பா இரண்டு முறை பிரிட்டிஷ் பிரதமர். ஆகவே 'லார்ட் வில்லியம்' என்றோ 'லார்ட் வில்லியம் பெண்டிங்க்' என்றோதான் சொல்ல வேண்டும். நம் பாடப் புத்தகங்களில் வரும் 'பெண்டிங்க் பிரபு' முறைப்படி தவறு. இனி யார் மாற்றப் போகிறார்கள்!

கிளைவ் பட்டத்தில் இன்னொரு முடிச்சு உண்டு. 1762-ல் ராபர்ட்டுக்குக் கிடைத்தது 'பிளாசியின் பாரன் கிளைவ்'. அது அயர்லாந்துப் பட்டம். அயர்லாந்துப் பிரபுவுக்கு லண்டன் பிரபுக்கள் சபையில் இடமில்லை. ஆனால் கீழ்ச்சபைக்குத் தேர்தலில் நிற்கலாம். அதனால்தான் ராபர்ட் பட்டத்தோடே ஷ்ரூஸ்பரி உறுப்பினராக இருந்தார். எட்வர்டும் லார்ட் ஆன பிறகு 1774 முதல் 1794 வரை லட்லோ தொகுதி உறுப்பினர். 1794-ல் 'வால்காட்டின் பாரன் கிளைவ்' என்று பிரிட்டன் பட்டம் கிடைத்ததும் மேல்சபைக்குப் போனார். 1804-ல் போவிஸ் ஏர்ல் ஆனார். மூன்று பட்டம் வந்தாலும் மனிதர் ஒருவர்தான்.

வேலூர்க் கோட்டையில் திப்பு குடும்பத்தை வைத்தது இவர் முடிவா? அவர்களுக்கு எவ்வளவு பணம் கொடுத்தார்கள்? 1806 புரட்சிக்கு இவர்தான் பொறுப்பா?
- வாசகர், சைதாப்பேட்டை, வேலூர்

முடிவெடுத்தவர் கவர்னர்-ஜெனரல் வெல்லெஸ்லி. 1798-ன் கடைசி நாளில் அவர் கல்கத்தாவிலிருந்து மதராஸுக்கே வந்து உட்கார்ந்துகொண்டு மைசூர்ப் போரை நடத்தினார். கவர்னர் நாற்காலியில் எட்வர்ட் இருந்தார், லகான் அவரிடம் இல்லை. ஆள் மறுப்புச் சொல்லாதவர். அதிகம் பேசமாட்டார், பேச்சும் மந்தம் என்று கவர்னர்-ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லி அப்போதே எழுதிவைத்தார். பணமும் தானியமும் மாடும் திரட்டித் தருவதுதான் மதராஸ் அரசின் வேலை. ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரில் திரண்டு 1799 பிப்ரவரியில் கிளம்பியது. நிஜாமின் படை ஆம்பூரில் வந்து சேர்ந்தது. மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அதன் பிறகு திப்புவின் பிள்ளைகளும் பின்னர் அந்தப்புரப் பெண்களும் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

பணம்: மைசூரைப் பங்கிட்ட ஒப்பந்தத்தில், ஹைதர், திப்பு குடும்பங்களின் பராமரிப்புக்குக் கம்பெனி வருஷத்துக்கு இரண்டு லட்சம் நட்சத்திர வராகனுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்று எழுதினார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மதராஸ் கணக்கு 1818 வரை வராகனில் ஓடியது, ரூபாயில் இல்லை. ஒரு வராகன் ஏறக்குறைய மூன்றரை ரூபாய். கம்பெனிக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக இரண்டு லட்சம் வராகன் என்றால் சுமார் ஏழு லட்சம் ரூபாய். '2,00,000' என்று பார்த்ததும் ரூபாய் என்று எழுதிவிட்டால் தொகை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

1806 ஜூலை 10-ல் வேலூரில் நடந்த சிப்பாய்ப் புரட்சிக்கு இவரைச் சேர்க்க முடியாது. அப்போது இவர் ஊர் திரும்பி மூன்று வருஷம் ஆகிவிட்டது. கவர்னர் லார்ட் வில்லியம் பெண்டிங்க். சிப்பாய்களைக் கொதிக்க வைத்த புதுத் தலைப்பாகை, தாடி, நெற்றிக்குறி உத்தரவுகள் தளபதி சர் ஜான் கிராடக் காலத்தவை. இருவரையும் 1807-ல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஹைதரின் மனைவி பக்ஷி பேகம் 1806-லும் திப்புவின் மனைவி பாதுஷா பேகம் 1834-லும் இறந்தார்கள். அவர்கள் கல்லறைகள் கோட்டைக்குக் கிழக்கே இருக்கின்றன.

எங்கள் ஊர்ப் பெயரே நவாப் வாலாஜாவால் வந்தது. அவர் வம்சத்திடமிருந்து சீமை எப்படிக் கைமாறியது?
- வாசகி, வாலாஜாபேட்டை

ஒரே மாதத்தில். நவாப் உம்தத்-உல்-உம்ரா 1801 ஜூலை 15-ல் இறந்தார். அவரும் அவர் அப்பா முகமது அலி வாலாஜாவும் திப்புவோடு ரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காகிதம் கிடைத்தது என்பது கம்பெனி சொன்ன காரணம். மகன் அலி உசேனிடம் ஆட்சியை ஒப்படைக்கக் கேட்டார்கள், அவர் மறுத்தார். உடனே உறவினர் அசீம்-உத்-தௌலாவிடம் போனார்கள், அவர் ஒப்புக்கொண்டார். ஜூலை 31-ல் ஒப்பந்தம். கம்பெனி பக்கத்தில் எட்வர்ட் கிளைவ். நவாபுக்குப் பட்டமும் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். வரி, நீதி, படை எல்லாம் கம்பெனிக்கு. வட ஆற்காடு தனி மாவட்டமானது இந்தக் காகிதத்தால்தான்.

அந்த வருஷமே தெற்கே மருது சகோதரர்கள் அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பர் 1-ல் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிப் பாளையக்காரர்களுக்குப் பிரகடனம் வந்தது. 1799-ல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபோதும் இவரே கவர்னர். அமைதியான மனிதர் என்று குடும்பத்தார் எழுதிவைத்ததைப் படிக்கும்போது இந்தத் தேதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய மனைவி, பிள்ளைகள் பற்றிச் சொல்லுங்கள். அவர்கள் நம் பக்கம் வந்தார்களா?
- வாசகி, குடியாத்தம்

வந்தார்கள். சொல்லப்போனால் கவர்னரைவிட அவர் வீட்டார்தான் ஊரைப் பார்த்தார்கள்.

எட்வர்ட் 1784-ல் மணந்தது லேடி ஹென்ரியேட்டா ஹெர்பர்ட், போவிஸ் ஏர்லின் மகள். பெண் வீட்டுக்கு வேல்ஸில் பழைய போவிஸ் கோட்டையும் பெரிய பெயரும் இருந்தன, கடனும் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு வங்காளப் பணம் இருந்தது, வம்சப் பெருமை ஒரே தலைமுறைதான். கணக்கு இரு பக்கமும் பொருந்தியது. ஹென்ரியேட்டாவின் அண்ணன் 1801-ல் கல்யாணமாகாமல் இறந்தார், அவரோடு பட்டம் அற்றுப்போனது. சொத்து தங்கையின் மூத்த மகனுக்கு, ஹெர்பர்ட் என்று பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. 1804-ல் எட்வர்டுக்கே போவிஸ் ஏர்ல் பட்டத்தைப் புதிதாகக் கொடுத்தார்கள். 1807-ல் மூத்த மகன் கிளைவ் பெயரை விட்டுவிட்டு எட்வர்ட் ஹெர்பர்ட் ஆனார். அப்பா, மகன் இருவருக்கும் பெயர் எட்வர்ட். குடும்பப் பெயர் மட்டும் வேறு. வம்சாவளி போடுபவர்கள் இந்த இடத்தில்தான் ஆளை மாற்றிவிடுகிறார்கள்.

பிள்ளைகள் நால்வர். இரண்டு ஆண் பிள்ளைகளும் படிப்புக்காக இங்கிலாந்திலேயே இருந்துவிட்டார்கள். பெண்கள் ஹென்ரியேட்டாவும் சார்லட்டும் அம்மாவோடு மதராஸ் வந்தார்கள். 1800 மார்ச்சில் அம்மாவும் பெண்களும், கூடவே இத்தாலிய ஓவியர் அன்னா டொனெல்லியும், யானை, மாடு, நூற்றுக்கணக்கான ஆட்களோடு கிளம்பினார்கள். கவர்னர் மதராஸிலேயே தங்கிவிட்டார். வேலூர் வழியாகப் பெங்களூர், மைசூர், பிறகு கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று ஆயிரம் மைலுக்கு மேல் சுற்றி அக்டோபரில் திரும்பினார்கள். அம்மா வழியெல்லாம் செடி, கல், பறவை சேகரித்தார். பன்னிரண்டு வயது சார்லட் நாட்குறிப்பு எழுதினாள்.

அந்தச் சார்லட் 1817-ல் நார்தம்பர்லண்ட் டியூக்கை மணந்தார். 1831 முதல் 1837 வரை இளவரசி விக்டோரியாவின் கவர்னஸ். அக்கா ஹென்ரியேட்டா அதே 1817-ல் சர் வாட்கின் வில்லியம்ஸ்-வின் என்ற வேல்ஸ் நிலக்கிழாரை மணந்தார். மூத்த மகன் 1847-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேந்தர் தேர்தலில் விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட்டையே எதிர்த்து நின்று சொற்ப வாக்கில் தோற்றார். மறு வருஷம் வேட்டையில் அவர் மகனின் துப்பாக்கிக் குண்டு தவறுதலாகப் பட்டு இறந்தார். இளைய மகன் ராபர்ட் ஹென்றி கிளைவ் பெயரைத் தக்கவைத்துக்கொண்டு பாராளுமன்றத்தில் இருந்தார்.

திப்புவின் பூவேலைப் பருத்திக் கூடாரமும் சிம்மாசனத்துத் தங்கப் புலித்தலை ஒன்றும் இன்றும் போவிஸ் கோட்டையில்தான். கூடாரத்தை அந்தக் குடும்பம் தோட்ட விருந்துக்குப் பந்தலாகப் போட்டது.

கிளைவியா என்ற செடிக்கு இந்தக் குடும்பப் பெயர்தான் என்றார்கள். வாங்கி வைத்தேன். மூன்று வருஷமாக இலை தழைக்கிறது, பூ இல்லை.
- வாசகர், திருப்பத்தூர்

அதே சார்லட்தான். லண்டன் பக்கம் சயன் மாளிகையில் அவர் தோட்டத்தில் பூத்த தென்னாப்பிரிக்கச் செடிக்கு 1828-ல் ஜான் லிண்ட்லி 'கிளைவியா நோபிலிஸ்' என்று பெயர் வைத்தார். அதன் பூ குழலாகத் தொங்கும். நர்சரிகளில் கிடைப்பது பெரும்பாலும் 'மினியாட்டா'. அதன் ஆரஞ்சுப் பூ மேல் நோக்கி விரியும்.

பூக்காததற்கு உங்கள் ஊர் வெயில் பாதிக் காரணம், குளிர் போதாதது மீதிக் காரணம். மொட்டு பிடிக்க இரவு வெப்பம் 10 முதல் 13 டிகிரிக்கு இறங்கி ஐந்தாறு வாரம் நிற்க வேண்டும். சமவெளியில் மார்கழியிலும் அது வராது. ஏலகிரியில் தெரிந்தவர் வீடு இருந்தால் நவம்பர் கடைசியில் தொட்டியை அங்கே விட்டுவிட்டு மாசியில் எடுத்து வாருங்கள். அந்த நாட்களில் தண்ணீரை வெகுவாகக் குறைக்க வேண்டும். தண்டு இலைக்கு மேலே எழும்பிய பிறகே மீண்டும் தாராளமாக ஊற்றலாம். அவசரப்பட்டு முன்பே ஊற்றினால் பூத்தண்டு இலைக்கு நடுவிலேயே சிக்கிக்கொள்ளும். நேர் வெயில் கூடவே கூடாது, இலை வெளுத்துக் கருகும். 10 அங்குலத் தொட்டி போதும். வேர் நெருக்கமாக இருந்தால்தான் பூக்கும், ஆகவே வருஷா வருஷம் தொட்டி மாற்றாதீர்கள். தேங்காய் மட்டைச் சில்லு, இலைமட்கு, பருமணல் சம பங்கு. வெறும் செம்மண்ணில் வைத்தால் மழைக்காலத்தில் வேர் அழுகும். விதையிலிருந்து வளர்த்ததென்றால் நாலைந்து வருஷம் பொறுக்க வேண்டும். செடி முழுக்க நஞ்சு. ஆடு மாடு எட்டாத இடமாகப் பாருங்கள்.

ஆராய்ச்சிப் படிப்புக்காக இந்த ஆவணங்களைத் தேடப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
- மாணவி, திருவலம்

முதலில் தேதியைப் பாருங்கள், பிறகு கையெழுத்தை. பிரபு தன் சொந்தப் பெயரை எழுதமாட்டார், பட்டத்தை மட்டும் எழுதுவார். 'கிளைவ்' என்று மட்டும் இருந்து தேதி 1762-க்கும் 1774-க்கும் இடையில் என்றால் அப்பா. அதற்குப் பின் மகன். 1804 மே மாதத்துக்குப் பின் மகனே 'போவிஸ்' ஆகிவிடுவார். 1801-ன் 'போவிஸ்' என்றால் மைத்துனர்.

அடுத்து நாட்காட்டி. இங்கிலாந்து 1752 செப்டம்பர் வரை பழைய நாட்காட்டியில் இருந்தது, பிரெஞ்சுக்காரர் புதியதில். ஆற்காடு முற்றுகையின் கடைசித் தாக்குதல் ஆங்கிலப் பதிவில் 1751 நவம்பர் 14, புதுச்சேரிக் கணக்குப்படி நவம்பர் 25. இரண்டும் ஒரே நாள். 1752-க்கு முன் இங்கிலீஷ் புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்ததால் ஜனவரி, பிப்ரவரிக் கடிதங்களில் வருஷம் ஒன்று குறைவாக இருக்கும். 1752 ஜனவரி 1-லிருந்தே புத்தாண்டு மாறிவிட்டதால் காவேரிப்பாக்கம் சண்டைக்கு இந்தக் குழப்பம் இல்லை, அது 1752 பிப்ரவரிதான்.

இடம்: அரசுக் காகிதங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், குடும்பக் காகிதங்கள் வேல்ஸ் தேசிய நூலகத்தில், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். எழும்பூரில் 'வேலூர் மாவட்டம்' என்று கேட்டுப் பயனில்லை. 1911 வரை வட ஆற்காடு கலெக்டர் அலுவலகம் சித்தூரில் இருந்தது, ஆகவே 'வட ஆற்காடு' என்று கேளுங்கள்.